உடன்படிக்கையின் கண்ணியம்

நாடுகளுக்கிடையே ஏற்படும் ஒப்பந்தங்கள் என்றால், அவை டில்லியிலும் மாஸ்கோவிலும் பெரிய மனிதர்கள் கூடிக் கையெழுத்திடுகின்ற காகிதங்கள் என்றும், நம் வீட்டு அடுப்படிக்கும் தொழுகைப் பாய்க்கும் அவற்றோடு யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் நம்மில் பலர் கருதுகிறோம். இது சரியான கருத்தன்று. யுத்தம், சமாதானம், உடன்படிக்கை ஆகிய இம்மூன்றைப் பற்றியும் நம் மார்க்கம் விரிவாகப் பேசுகிறது. ஈமான் கொண்டவர்களை அழைத்து, செய்துகொண்ட ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு கட்டளையிட்டே திருமறையின் ஐந்தாவது அத்தியாயம் தொடங்குகிறது (5:1). அந்தக் கட்டளை அரசர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. நமக்கும் சொல்லப்பட்டதுதான். ஆகவே இம்மாதப் பாடமாக இவ்விஷயத்தை எடுத்துக்கொள்வோம்.

நம் ஊரில் எரிந்த விளக்கு

நெய்வேலியிலிருந்தே தொடங்குவோம். 1935ஆம் ஆண்டு வாக்கில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய பொருள் ஒன்று கலந்து வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பல ஆண்டுகள் ஆராய்ச்சி நடந்த பின் 1956ல் இதற்கென நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் இந்திய அரசும் சோவியத் அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி சோவியத் நாடு 50 கோடி ரூபிள் கடனுதவி அளிக்க முன்வந்தது. அந்த உதவியைக் கொண்டு நிறுவப்பட இருந்த தொழிற்சாலைகளின் பட்டியலில் நெய்வேலி அனல் மின் நிலையமும் இடம்பெற்றது.

சுரங்கத்தில் மண்ணை வாரிய, 'பக்கெட் வீல்' என்று நம் தொழிலாளர்கள் அழைக்கின்ற ராட்சத இயந்திரங்களோ மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. மின் நிலையம் சோவியத் நாட்டின் கைவண்ணம். அக்காலத்தில் இவ்விரு தரப்பும் ஒன்றுக்கொன்று பகை. 1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி பெர்லின் நகரின் குறுக்கே தடுப்பு எழுப்பத் தொடங்கினார்கள். அதே ஆகஸ்ட் மாதத்தில்தான் நெய்வேலிச் சுரங்கத்தில் மேல்மண் நீங்கி நிலக்கரி முதன்முதலாக வெளியே தெரிந்தது. அங்கே இரு தரப்பாரும் முறைத்துக்கொண்டு நின்ற வேளையில், இங்கே ஒரு தரப்பின் இயந்திரம் வெட்டிய கரியை மறு தரப்பின் கொதிகலன் எரிக்க ஏற்பாடாகிக் கொண்டிருந்தது. 1962 மே மாதம் 50 மெகாவாட் திறனுள்ள முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. 1970ல் அந்நிலையம் 600 மெகாவாட் என்னும் முழு அளவை எட்டியது.

பிறகு நடந்ததையும் கவனிக்க வேண்டும். 1971 ஆகஸ்ட் 9ஆம் தேதி இந்தியாவும் சோவியத் நாடும் சமாதான, நட்புறவு, ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது இருபது ஆண்டுகளுக்கென்று எழுதப்பட்டது. 1991 டிசம்பரில் சோவியத் நாடே உலகப் படத்திலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் அதன் சொல்லுக்குச் சாட்சியாக நின்ற மின் நிலையம் 2020ஆம் ஆண்டு மூடப்படும்வரை இயங்கியது. சொன்னவர் போன பிறகும் சொன்ன சொல் விளக்காக எரிந்தது என்றால் அது மிகையன்று. நாடுகளின் ஒப்பந்தம் நம் வீட்டுக்குள் நுழைவதில்லை என்று இனிமேலும் நாம் சொல்ல முடியுமா?

திருமறை வகுக்கும் எல்லைகள்

உடன்படிக்கை சம்பந்தமாக அரபு மொழியில் பல சொற்கள் உண்டு. 'அஹ்து' என்றால் கொடுத்த வாக்கு. 'மீஸாக்' என்றால் இறுகக் கட்டப்பட்ட உறுதி. 'ஹுத்னா' என்பது குறிப்பிட்ட காலத்துக்குச் சண்டையை நிறுத்தி வைத்தல். 'ஸுல்ஹு' என்பது சீர்கெட்டதைச் சீராக்கிச் சமாதானம் ஆவது. நல்லடியாரைக் குறிக்கும் 'ஸாலிஹ்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். 'அமான்' என்பது அபயம். இவற்றை வேறு வேறாகப் பிரித்து அறிவது அவசியம். ஹுத்னா வேறு, ஸுல்ஹு வேறு. துப்பாக்கி ஓய்ந்திருப்பதெல்லாம் சமாதானம் ஆகிவிடாது. கொரியாவில் 1953 ஜூலை 27ஆம் தேதி போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதைத் தொடர்ந்து வரவேண்டிய சமாதான உடன்படிக்கை இன்றுவரை வந்து சேரவில்லை.

இவ்விஷயத்தில் அல்லாஹ் வகுத்துள்ள எல்லைகளில் ஐந்தை இங்கே நினைவுகூர்வோம்.

முதலாவது, எதிர்த்தரப்பு சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நாமும் சாய்ந்து, அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் (8:61). அவர்கள் ஏமாற்றக் கருதினாலும் அல்லாஹ் போதுமானவன் என்று அடுத்த வசனமே ஆறுதல் தருகிறது.

இரண்டாவது, ஒப்பந்தத்தை முறையாகக் காத்து வருகிறவர்களிடம் அதன் தவணை முடியும்வரை நாமும் காத்து வர வேண்டும் (9:4). இறையச்சமுடையோரை அல்லாஹ் நேசிக்கிறான் என்று அவ்வசனம் முடிவதைக் கவனியுங்கள். ஒப்பந்தம் காப்பதே அங்கு தக்வாவாகக் கூறப்படுகிறது.

மூன்றாவது, மறுதரப்பு துரோகம் செய்யும் என்று அஞ்சினால், ஒப்பந்தம் இனி இல்லை என்று அவர்களும் அறியும் வண்ணம் பகிரங்கமாகத் திருப்பி எறிந்துவிட வேண்டும் (8:58). உள்ளே முறித்துக்கொண்டு வெளியே சிரிப்பதற்கு அனுமதியில்லை.

நான்காவது, உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போடும் பெண்ணைப்போல் ஆகிவிடாதீர்கள் என்று உவமை கூறித் திருமறை எச்சரிக்கிறது (16:92). ஒரு கூட்டம் மற்றொன்றைவிட வலுவாகிவிட்டது என்பதற்காகச் சத்தியத்தை வஞ்சகக் கருவி ஆக்கக் கூடாது என்பதும் அங்கேயே உள்ளது.

ஐந்தாவதுதான் மனத்துக்கு மிகக் கடினமானது. வேறு நாட்டில் இருக்கும் மார்க்கச் சகோதரர்கள் மார்க்க விஷயத்தில் உதவி கோரினால் உதவுவது கடமை. ஆனால் உங்களோடு உடன்படிக்கை செய்துள்ள சமூகத்துக்கு எதிராக அன்று (8:72). சகோதர பாசம் ஒரு தட்டில், கொடுத்த சொல் மறு தட்டில். இங்கே தராசு எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதை உணர்ச்சிவசப்படும் நம் இளைஞர்கள் நிதானமாகச் சிந்திக்கட்டும்.

ஹுதைபிய்யாவில் நடந்தது

அந்த ஐந்தாவது எல்லையின் வலியை ஹுதைபிய்யாவில் ஸஹாபாக்கள் தம் கண்ணாலேயே கண்டார்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு துல்கஃதா மாதம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் உம்ராவுக்கென்று புறப்பட்டு மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் தங்கியிருந்தார்கள். குறைஷிகள் வழிமறித்தார்கள். தூது போய்த் தூது வந்து, முடிவில் ஸுஹைல் பின் அம்ர் என்பவர் ஒப்பந்தம் எழுத வந்தார். எழுதியவர் அலீ (ரலி) அவர்கள்.

முதல் வரியிலேயே தகராறு. 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்று எழுதச் சொன்னார்கள் அண்ணலார். 'ரஹ்மான் யாரென்று எங்களுக்குத் தெரியாது. வழக்கம்போல் பிஸ்மிகல்லாஹும்ம என்று எழுதுங்கள்' என்ற கருத்தில் ஸுஹைல் மறுத்தார். நபியவர்கள் இணங்கினார்கள். அடுத்து 'அல்லாஹ்வின் தூதர் முஹம்மத்' என்பதற்கும் ஆட்சேபம். தூதர் என்று ஏற்றுக்கொண்டிருந்தால் தடுத்திருக்கவே மாட்டோமே என்பது அவர் வாதம். அதற்கும் இணங்கி 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்' என்று எழுதச் செய்தார்கள். சத்தியம் மாறவில்லை, இரு தரப்பாரும் ஒப்பக்கூடிய சொல் மட்டும் தேடப்பட்டது. எது கொள்கை, எது வாசகம் என்று பிரித்தறிவது எத்துணை பெரிய ஞானம்!

பத்தாண்டுகளுக்குப் போர் இல்லை. இவ்வாண்டு திரும்பிவிட வேண்டும். அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்கலாம். குறைஷிகளிலிருந்து ஒருவர் தம் பொறுப்பாளரின் அனுமதியின்றி முஸ்லிம்களிடம் வந்தால் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். முஸ்லிம்களிடமிருந்து ஒருவர் அங்கே போனால் அவர்கள் திருப்ப வேண்டியதில்லை. இவைதாம் முக்கிய நிபந்தனைகள். படிக்கும் நமக்கே இவ்வளவு கசக்கிறது என்றால், வாள் ஏந்தத் தெரிந்த அந்த வீரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

எழுதி முடியும் முன்பே ஒருவர் விலங்குகளை இழுத்துக்கொண்டு தள்ளாடி வந்து முஸ்லிம்களின் நடுவே விழுந்தார். அவர் அபூ ஜந்தல் (ரலி). இஸ்லாத்தை ஏற்றதற்காகக் கட்டிவைத்து வதைக்கப்பட்டவர். ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த ஸுஹைலின் சொந்த மகன். 'முதலில் இவனைத் திருப்பிக் கொடுங்கள்' என்றார் தந்தை. இன்னும் எழுதி முடியவில்லையே என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் ஒப்பந்தமே கிடையாது என்றார் ஸுஹைல். எனக்காக இவரை விட்டுவிடுங்கள் என்று அருமை நபி (ஸல்) அவர்கள் கேட்டும் பார்த்தார்கள். அவர் இசையவில்லை. மீண்டும் வதைபடவா என்னை அனுப்புகிறீர்கள் என்று அபூ ஜந்தல் கதறினார். பொறுமையாக இருக்குமாறும், அல்லாஹ் ஒரு வழியைத் திறப்பான் என்றும் ஆறுதல் கூறி, அவரை அனுப்பும்படி ஆயிற்று.

இந்த இடத்தை நாம் வேகமாகக் கடந்துவிடலாகாது. உமர் (ரலி) அவர்களே பொறுக்க முடியாமல், நாம் சத்தியத்தில் இல்லையா, ஏன் இந்தத் தாழ்வை ஏற்க வேண்டும் என்று கேட்டார்கள். குர்பானி கொடுத்துத் தலைமுடி களையும்படி நபியவர்கள் மும்முறை கூறியும் துக்கத்தால் ஒருவரும் எழவில்லை. அப்போது உம்மு ஸலமா (ரலி) அவர்கள்தாம் வழி சொன்னார்கள்: யாரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் வெளியே சென்று தாங்களே முதலில் அறுத்துப் பலியிட்டு முடி களையுங்கள் என்று. அவ்வாறே செய்ததும் எல்லோரும் எழுந்தார்கள். சமாதானத்தின் மிகக் கடினமான நேரத்தில் சமூகத்தை நிலைநிறுத்தியது ஒரு பெண்மணியின் ஆலோசனை என்பதை நம் வீட்டுப் பெண்கள் பெருமையுடன் நினைத்துக்கொள்ளட்டும்.

திரும்பும் வழியில் 'ஃபத்ஹ்' அத்தியாயம் இறங்கியது. தோல்வியென்று அவர்கள் எண்ணியதை அல்லாஹ் தெளிவான வெற்றி என்றான். பிறகு அபூ பஸீர் (ரலி) என்பவர் தப்பிக் கடற்கரைப் பக்கம் போய்ச் சேர, அபூ ஜந்தலும் மற்றவர்களும் அங்கே கூடினார்கள். குறைஷிகளின் வியாபாரக் கூட்டங்களுக்கு நிம்மதி போயிற்று. அந்த நிபந்தனை வேண்டாம், அவர்களை நீங்களே அழைத்துக்கொள்ளுங்கள் என்று குறைஷிகளே கேட்டுக்கொண்டார்கள். ஹிஜ்ரி 8ல் குறைஷிகளின் நேசக் கூட்டமான பனூ பக்ர், முஸ்லிம்களின் நேசக் கூட்டமான குஸாஆவைத் தாக்கியபோது குறைஷிகள் அதற்கு உதவினார்கள். ஒப்பந்தம் அவர்கள் கையாலேயே முறிந்தது. ஹுதைபிய்யாவுக்கு 1,400 பேருடன் வந்த நபியவர்கள், மக்கா வெற்றியின்போது 10,000 பேருடன் வந்தார்கள். போரால் திறக்காத உள்ளங்கள் இரண்டாண்டு அமைதியில் திறந்துகொண்டன.

ஒரு சொல்லின் எடை

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு. ஹுதைபிய்யாவுக்குப் பின் உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி) என்ற பெண்மணி மக்காவிலிருந்து தனியே மதீனாவுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய சகோதரர்கள் திருப்பிக் கேட்டு வந்தார்கள். ஈமான் கொண்டு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற வசனம் அருளப்பட்டது (60:10). அவர் அனுப்பப்படவில்லை. புகாரியில் இடம்பெறும் அறிவிப்பில் அந்த நிபந்தனை 'ரஜுல்', அதாவது ஆண், என்ற சொல்லாலேயே அமைந்திருக்கிறது. ஆகவே பெண்கள் அதில் அடங்கவே இல்லை என்று அறிஞர்களில் ஒரு சாரார் விளக்கம் கூறுவர். வாசகம் கட்டிய இடத்தில் நபியவர்கள் கட்டுப்பட்டார்கள். கட்டாத இடத்தில் அபலைக்கு அபயம் தந்தார்கள்.

பிற்கால உலகத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. முதல் முஹாஜிர்களுக்கு அபயம் தந்த அபிசீனியாவை நாம் மறக்க முடியாது. 1889ஆம் ஆண்டு அந்நாட்டு அரசர் மெனலிக்கும் இத்தாலியும் வுச்சாலே என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதன் 17வது பிரிவு, பிற நாடுகளுடன் பேச இத்தாலியின் உதவியை அரசர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அம்ஹாரிக் மொழியில் இருந்தது. இத்தாலிய மொழியிலோ, இத்தாலியின் வழியாகவே பேச வேண்டும் என்ற பொருளில் இருந்தது. 'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் இடையே ஒரு நாட்டின் சுதந்திரம் தொங்கியது. அத்தகராறு முற்றி, 1896 மார்ச் 1ஆம் தேதி அட்வா போரில் இத்தாலியப் படை தோல்வி கண்டது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள்.

பாலஸ்தீன விவகாரத்திலும் இப்படித்தான். 1967 நவம்பர் 22ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் எண் தீர்மானம், அவ்வாண்டுப் போரில் பிடித்த நிலங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. பிரெஞ்சு வாசகத்தில் அந்த நிலங்கள் என்று சுட்டும் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சுட்டு இல்லை. இதைக் கொண்டே, எல்லா நிலங்களும் என்றும், சில நிலங்கள் போதும் என்றும் இரு வியாக்கியானங்கள் எழுந்தன. ஒரு சிறு சொல்லின் பேரில் எழுந்த வாதம் ஓய்வதற்குள் அகதி முகாமில் பிறந்த பிள்ளைகள் பாட்டன்மார் ஆகிவிட்டார்கள். வாசகத்தைத் தெளிவாக எழுதாததும் ஒருவகை அநீதியே.

ஏட்டில் இல்லாதவர்கள்

யாரைப் பற்றி ஒப்பந்தம் எழுதப்படுகிறதோ அவரே அங்கு இல்லாமல் போவது மற்றொரு குறை. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியாவும் இலங்கையும் செய்த சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி, 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். உனக்கு எந்த நாடு விருப்பம் என்று அவர்களைக் கேட்டு அந்தக் கணக்கு போடப்படவில்லை.

1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் சமாதானத்துக்கென்றே எழுதப்பட்டது. போரில் நின்ற இயக்கத்தினர் அதில் கையெழுத்திடவில்லை. வடக்கையும் கிழக்கையும் ஒரே நிர்வாகமாக இணைத்த அந்த ஏட்டில், கிழக்கு மாகாண முஸ்லிம்கள் தனித் தரப்பாக இடம்பெறவில்லை. அதன்படி சென்ற இந்தியப் படைக்கு அமைதி காக்கும் படை என்று பெயர். சில மாதங்களிலேயே அது போரிடும் படையாயிற்று. 1990 மார்ச்சில் அது திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். தமிழ் மக்களில் மாண்டவர்களும் ஏராளம். அமைதி என்று பெயர் சூட்டினால் மட்டும் அமைதி வந்துவிடாது. அதே 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் பல்லாயிரம் பேர் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். 2002 ஏப்ரலில்தான், பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் கையெழுத்திட்ட உடன்பாட்டில், அவர்கள் ஊர் திரும்புவது பற்றி எழுத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஊரைவிட்டு வந்து புத்தளம் முகாமில் காத்திருந்தவர்களுக்கு இடையிலே போன ஆண்டுகளை எந்தக் காகிதமும் திருப்பித் தரவில்லை.

நம் நெய்வேலியும் இதற்கு முழு விலக்கன்று. 1957ல் டில்லியும் மாஸ்கோவும் செய்த ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளின் பெயர்கள் இருந்தன. சுரங்கத்துக்கு நிலத்தையும் வீட்டையும் கொடுத்து எழுந்து போன கிராமத்து மக்களின் பெயர்கள் அதில் இல்லை. நாட்டுக்கு வெளிச்சம் கிடைத்தது உண்மை. அந்த வெளிச்சத்துக்கு இடம் கொடுத்தவர்களிடம் சொல்லப்படுகின்ற ஒவ்வொரு சொல்லும், அரசுகளிடம் சொல்லப்படும் சொல்லைப்போலவே அல்லாஹ்விடம் விசாரணைக்குரியது. வாக்குறுதியைப் பற்றி நிச்சயமாகக் கேட்கப்படும் என்ற 17:34 வசனத்தில் பெரியவருக்கு ஒரு நீதி, சிறியவருக்கு ஒரு நீதி என்று இல்லை.

காப்பதும் முடிப்பதும்

நம் சுரங்கத்தில் நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்துடன் நீர் தேங்கி நிற்கிறது. இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் நிற்கும். இறைப்பதை நிறுத்தினால் நீர் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். நாடுகளுக்கு இடையே உள்ள பகையும் அப்படித்தான். கையெழுத்திட்ட அன்றோடு வேலை முடிந்துவிடுவதில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31ஆம் தேதி, ஒன்றின் அணு நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று உடன்படிக்கை செய்தன. அதன்படி 1992 முதல் ஜனவரி முதல் தேதிதோறும் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொண்டு வந்திருக்கின்றன. கார்கில் சண்டை நடந்த 1999க்கு அடுத்த ஜனவரியிலும் அது நிற்கவில்லை. நம் கல்பாக்கமும் இத்தகைய நிலையம்தான். பத்திரிகையில் நான்கு வரிச் செய்தியாக வரும் இந்தச் சிறிய காரியம், கோடிக்கணக்கான உயிர்களுக்குக் காவல்.

முடிக்க வேண்டிய நிலை வந்தால் எப்படி முடிப்பது? முஆவியா (ரலி) அவர்களுக்கும் ரோமர்களுக்கும் ஒப்பந்தம் இருந்தது. தவணை முடிந்தவுடன் தாக்கலாம் என்று, முடியும் முன்பே அவர்கள் படையுடன் எல்லையை நோக்கிச் சென்றார்கள். வாசகப்படி பார்த்தால் குற்றமில்லை. ஆனால் குதிரையில் விரைந்து வந்த ஒரு முதியவர், வாக்கைக் காப்பாற்றுங்கள், துரோகம் வேண்டாம் என்று குரல் எழுப்பினார். அவர் அம்ர் பின் அபஸா (ரலி). தவணை முடியும்வரை, அல்லது பகிரங்கமாக அறிவிக்கும்வரை, ஒரு முடிச்சையும் அவிழ்க்கவோ இறுக்கவோ கூடாது என்று நபியவர்களிடம் கேட்டதாக எடுத்துச் சொன்னார். முஆவியா அவர்கள் படையைத் திருப்பிக்கொண்டார்கள். இச்செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது.

இன்னொரு நிகழ்ச்சி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்தம் தந்தையும் பத்ருக்கு முன்னர் குறைஷிகளிடம் அகப்பட்டார்கள். நபியுடன் சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்களித்து விடுதலை பெற்றார்கள். பத்ரிலோ முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான். ஒவ்வொரு கையும் தேவைப்பட்ட நேரம். ஆயினும் வாக்கை நிறைவேற்றுங்கள், அல்லாஹ்விடம் உதவி தேடுவோம் என்று கூறி இருவரையும் திருப்பி அனுப்பினார்கள் பெருமானார் (ஸல்). இத்தகைய முன்மாதிரிகளைக் கொண்டே இமாம் அபூஹனீஃபா அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் பின் ஹஸன் அஷ்ஷைபானீ அவர்கள், நாடுகளுக்கிடையிலான உறவுகளைப் பற்றி 'ஸியர்' என்ற தனித் துறையாகவே நூல் எழுதினார்கள். அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 189ல். இத்துறையில் ஐரோப்பா போற்றுகின்ற குரோஷியஸின் நூல் 1625ல்தான் வெளிவந்தது.

நம் வீட்டில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். திருமண பந்தத்தைத் திருமறை 'மீஸாகன் கலீழா', அதாவது உறுதியான உடன்படிக்கை, என்று குறிக்கிறது (4:21). நபிமார்களிடம் அல்லாஹ் வாங்கிய உறுதிமொழிக்கும் இதே சொற்களையே அது ஆளுகிறது (33:7). நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்திட்ட நம் கை, எந்த நாட்டுத் தலைவரின் கையெழுத்தையும்விடக் குறைந்த பொறுப்புடையதன்று. மஹரைத் தருவதாக எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் மறந்திருப்பவர், வல்லரசுகள் வாக்குத் தவறுவதைப் பற்றித் திண்ணையில் அமர்ந்து பேசத் தகுதியுடையவரா?

கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் 2:282 தான் திருமறையின் மிக நீண்ட வசனம். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று நாம் சொல்கிறோம். பின்னர் அதே அண்ணன் தம்பி கோர்ட் வாசலில் நிற்கிறார்கள். எழுதுவது சந்தேகத்தின் அடையாளமன்று, உறவுக்குப் பாதுகாப்பு.

பேச்சிலும் கவனம் தேவை. எங்கேனும் போர் மூண்டால் செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் வீட்டில் ஆவேசச் சொற்கள் பறக்கின்றன. அழிக்க வேண்டும், ஒழிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையிடம் அதே சொல்லைச் சொல்கிறார்கள். நெய்வேலி நகரியத்தில் ஒரே வட்டத்தில் பல ஊர்க்காரரும் பல மதத்தவரும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் வாழ்கிறோம். ஒரே ஷிஃப்டில் வேலைக்குப் போகிறோம். இதுவும் எழுதப்படாத ஓர் அஹ்துதான். அதை முறிக்கின்ற சொல் நம் வீட்டிலிருந்து புறப்படலாகாது. ஸுஹைலுடன் பேசியபோது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல்லும் வரவில்லை என்பதையும், அதே ஸுஹைல் பின்னர் மக்கா வெற்றியை அடுத்து இஸ்லாத்தைத் தழுவி ரலியல்லாஹு அன்ஹு ஆனார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.

இன்றிரவு இஷாவுக்குப் பின் குடும்பத்தோடு அமர்ந்து ஒரு கணக்கு எடுப்போம். யாருக்கு என்ன சொன்னோம், அதில் எதை நிறைவேற்றினோம், எதை மறந்தோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போம். நிறைவேற்ற முடியாதது இருந்தால் உரியவரிடம் சென்று வெளிப்படையாகச் சொல்லித் தவணை கேட்போம். அதுவே 8:58 வசனம் நம் வீட்டுக்குக் கற்பிக்கும் ஒழுக்கம்.

வல்ல அல்லாஹ் நம்மை வாக்குத் தவறாத கூட்டத்தில் சேர்ப்பானாக. போரால் அவதியுறும் மக்கள் அனைவருக்கும் பெயரளவிலன்றி உண்மையான அமைதியை வழங்குவானாக. ஆமீன்.